மின்கிற்றாரின் மறுபாதி

மின்கிற்றாரை வாசிப்பவன் உண்மையில் இரண்டு கருவிகளை வாசிக்கிறான். ஒன்று அவன் தோளிலே தொங்குவது. மற்றையது அவனுக்குப் பின்னே தரையில் நிற்பது. தோளிலே தொங்கும் மரத்துண்டை மின்தொடர்பின்றி மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவனுக்குக்கூட அது கேளாது. கம்பிகளின் அதிர்வைக் காந்தச் சுருளொன்று மிக நுண்ணிய மின்னோட்டமாக மாற்றுகிறது. அம்மின்னோட்டத்தைப் பன்மடங்காகப் பெருக்கி, அரங்கம் முழுவதும் கேட்கும் ஒலியாக வெளிவிடுவது பின்னே நிற்கும் பெட்டிதான். அம்பிளிபயர் என்று இசைஞர் வழங்கும் அப்பெட்டியைத் தமிழிலே பெருக்கி எனலாம். புகழ்பெற்ற கிற்றார்க் கலைஞர்கள் தத்தம் பெருக்கியைத் தம் குரல்வளை போலவே போற்றி வந்தனர். அத்தகையோருட் பலர் கடந்த கால் நூற்றாண்டில் அப்பெட்டியைக் கைவிட்டு, எண்களைக் கொண்டு கணித்து அதன் குரலைப் பேசும் சிறு கருவியொன்றை ஏற்றுக் கொண்டனர். மொடலர் என்பது அதன் பெயர். இவ்வளவு போற்றியதை ஏன் கைவிட்டனர் என்று அறிய வேண்டுமாயின், முதலில் எதைப் போற்றினர் என்று அறிய வேண்டும்.

வானொலிப் பெட்டியின் பின்புறத்திலே செவ்வொளி வீசி நின்ற கண்ணாடி வால்வுகளை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1906 ஆம் ஆண்டில் லீ டி பொரெஸ்ற் என்னும் அமெரிக்கர் அமைத்த மூன்று முனை வால்விலிருந்து வளர்ந்த குடும்பம் அது. காற்று நீக்கப்பட்ட குமிழினுள்ளே சூடேறிய முனையிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு மறுமுனையை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் நிற்கும் கம்பிவலைக்குச் சிறியதொரு மின்னழுத்தம் கொடுத்தால் அப்பெரும் பாய்ச்சல் கூடியும் குறைந்தும் அதற்குப் பணிகிறது. சிறியது பெரியதை ஆளும் இந்த ஏற்பாடே பெருக்கத்தின் மூலம். தொலைபேசியும் வானொலியும் பேசும் படமும் இதனால் வளர்ந்தன. கிற்றார் இதனிடம் சற்றுப் பிந்தியே வந்தது.

அது வந்ததற்குக் காரணம் எளியது. 1920 களின் நடனக் குழுக்களில் ஊதுகொம்புகளின் முழக்கத்திடையே கிற்றார் ஒலி அமிழ்ந்து போயிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜோர்ஜ் போஷம் என்பவரும் அடொல்ப் றிக்கன்பாக்கர் என்பவரும் சேர்ந்து செய்த மின்கிற்றார் 1932 இல் விற்பனைக்கு வந்தது. தோற்றத்தாற் பொரிச்சட்டி என்று பெயர் பெற்ற கருவி அது. 1939 இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்தியன், மின்கிற்றாரைக் கொம்புகளுக்கு ஈடாகத் தனித்து நிற்கச் செய்தார். அந்நாளைய பெருக்கிகள் சிறியவை. அவற்றைச் செய்தோர் நோக்கம் ஒன்றே: கிற்றாரின் ஒலி சிதையாமற் பெரிதாக வேண்டும்.

இதே நோக்கத்தோடுதான் லியோ பெண்டரும் தொழில் தொடங்கினார். கலிபோர்னியாவில் புல்லர்ற்றன் என்னும் ஊரில் 1938 இல் வானொலி திருத்தும் கடை வைத்தவர் அவர். கிற்றார் வாசிக்க அறியாதவர். வாசிப்பவர்களின் குறைகளை மட்டும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு உழைப்பிற்குத் தாங்கும் பெருக்கிகளை அவர் செய்தார். தாழ்சுர மின்கிற்றாருக்கென 1952 இல் அவர் வெளியிட்ட பாஸ்மன் என்னும் பெருக்கி, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் பத்தங்குல ஒலிபெருக்கிகள் நான்கு கொண்ட பெட்டியாக வளர்ந்தது. அது தாழ்சுரக் கருவிக்குப் பொருந்தியதைவிடச் சாதாரணக் கிற்றாருக்கே நன்கு பொருந்தியது. வரலாற்றிலே இத்தகைய பிழைபட்ட பொருத்தங்கள் பல.

இனி வருவது இக்கதையின் நடுநாயகம். வால்வுப் பெருக்கிக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்கு மேல் அதனை முடுக்கினால், உள்ளே வரும் அலையின் உச்சிகளை அதனால் முழுமையாகப் பின்பற்ற இயலாது. உச்சிகள் மழுங்குகின்றன. அப்படி மழுங்கும்போது மூல அலையிலே இல்லாத மேற்சுரங்கள் புதியனவாகப் பிறக்கின்றன. பொறியியலாளன் இதனைத் திரிபு என்பான். களைய வேண்டிய குற்றம் என்பான். ஆனால் வால்வு இக்குற்றத்தைத் திடீரென்று செய்வதில்லை. மெல்லத் தட்டினால் தெளிவாகப் பேசுகிறது. சற்று அழுத்தினாற் கரகரக்கிறது. ஓங்கி அடித்தால் கர்ச்சிக்கிறது. அன்றியும், ஓங்கி அடிக்கும் கணத்தில் மின்வழங்கற் பகுதி தளர்ந்து அழுத்தம் சற்றே தாழ்ந்து மீண்டும் எழுவதால், சுரமொன்று முதலில் ஒடுங்கிப் பின் மலர்வது போலக் கேட்கிறது. விரலின் ஒவ்வோர் அசைவுக்கும் பெட்டி விடை கூறுகிறது. இந்த விடையே கிற்றார்க் கலைஞரை மயக்கிற்று.

மயக்கம் தற்செயலாகவே தொடங்கியது. 1951 இல் மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் நகருக்கு ஒலிப்பதிவிற்கு வந்த ஐக் ரேணரின் குழுவினருடைய பெருக்கி வழியிலே பழுதுற்றது. எவ்வாறு பழுதுற்றது என்பதிற் சொல்வாருக்குச் சொல்வார் வேறுபடுவர். பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்பிலே கடதாசியைத் திணித்துப் பதிவை நடத்தினார். ‘றொக்கற் 88’ என்னும் அப்பாடலிற் கேட்கும் கரகரப்பு அப்படி வந்ததுதான். விபத்தாக வந்ததை வேண்டுமென்றே வரவழைக்க அதிக காலம் செல்லவில்லை. 1964 இல் கிங்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் டேவ் டேவிஸ் தமது சிறு பெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறினார். அவ்வாண்டு வெளிவந்த அவர்களது பாடல் உலகெங்கும் அக்கீறலின் ஒலியைப் பரப்பிற்று.

இதற்கிடையில் இலண்டனின் ஹன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்னும் மேளக் கலைஞர் 1960 இல் இசைக்கருவிக் கடை திறந்திருந்தார். அமெரிக்கப் பெருக்கிகள் அந்நாளில் இங்கிலாந்திலே விலைமிக்கவை. கடைக்கு வந்த இளைஞர்கள் அவற்றுக்கு நிகரானதொன்று வேண்டும் என்றனர். மார்ஷலின் கடையிற் பணிபுரிந்த கென் பிரான், டட்லி கிறேவன் ஆகியோர் பெண்டரின் பாஸ்மன் சுற்றைப் பின்பற்றி 1962 இல் ஒரு பெருக்கி செய்தனர். சுற்று ஏறக்குறைய அதுவே. ஆனால் மின்மாற்றி ஆங்கிலேயருடையது. முதல் வால்வு கூடிய பெருக்கமுடையது. ஒலிபெருக்கிப் பெட்டி பின்புறம் அடைக்கப்பட்டது. மூன்று சிறு வேறுபாடுகள் சேர்ந்து வேறொரு குரலைத் தந்தன. 1966 இல் எரிக் கிளப்ரன், ஜோன் மேயலின் புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவுடன் இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, மேடையில் வாசிக்கும் அதே உரப்பில்தான் மார்ஷல் பெருக்கியைப் பதிவுக் கூடத்திலும் வாசிப்பேன் என்று நின்றார். அக்கால ஒலிப்பதிவு முறைக்கு அது பெருந்துன்பம். ஆயினும் அவர் பிடிவாதத்திலே காரணம் இருந்தது. வலு வால்வுகள் எல்லை வரை முடுக்கப்பட்டாலன்றி அந்தக் குரல் பிறவாது.

இனிய குரலும் பேரோசையும் இவ்வாறு ஒரே கயிற்றாற் கட்டுண்டன. இதுவே பின்னாளிற் பெருக்கியைக் கைவிடச் செய்த முதற்காரணம். 100 வாற்றுப் பெருக்கிக்குப் பதிலாக 50 வாற்றுப் பெருக்கியை வைத்தால் ஒலி பாதியாகும் என்று எண்ணுதல் இயல்பு. மனிதச் செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஒலி பாதியாகக் குறைந்தது என்று செவி உணர, வலு ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறைய வேண்டும். ஐந்து வாற்றுப் பெருக்கியொன்று தன் எல்லையிற் கர்ச்சித்தாலும் அயல் வீட்டார் கதவைத் தட்டுவர். வீட்டிலே பயிற்சி செய்பவனுக்குத் தன் இலட்சியக் குரலைக் கேட்க இடமே இல்லாமற் போயிற்று. மேடையில் நின்றவர்களோ செவியைக் காணிக்கையாகக் கொடுத்தனர். ஹூ என்னும் குழுவின் பீற் ரவுன்செண்ட் தமது செவிப்புலக் குறைவைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியவர்.

அதே ரவுன்செண்ட்தான் 1965 இல் மார்ஷலிடம் 100 வாற்றுப் பெருக்கியையும் எட்டு ஒலிபெருக்கிகள் கொண்ட ஒரே பெட்டியையும் கேட்டவர். பெட்டி செய்து கொடுக்கப்பட்டது. அதைச் சுமந்த பணியாளர்கள் முறையிட்டனர். முடிவில் அது இரண்டாக வெட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. றொக் இசைமேடையின் சின்னமாக உலகறிந்த அந்த அடுக்கு அழகுணர்ச்சியாற் பிறந்ததன்று, முதுகுவலியாற் பிறந்தது.

பாரம் என்பதைச் சிறு காரணமாகக் கொள்ளலாகாது. வால்வுகளுக்கு நானூறு வோல்ற்று அளவிலான மின்னழுத்தம் வேண்டும். அதற்கு இரும்பாலான பெரிய மின்மாற்றி வேண்டும். பெண்டரின் ருவின் றிவேர்ப் என்னும் பெருக்கி ஏறத்தாழ 29 கிலோகிராம் நிறையுடையது. பீற்றில்ஸ் குழுவினர் கையாண்ட வொக்ஸ் ஏ.சி. 30 அதனினும் பாரம். விமானங்களிற் பயணி ஒருவரின் பொதிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் அளவோ 23 கிலோகிராம். அமெரிக்காவில் 120 வோல்ற்று, ஐரோப்பாவில் 230 வோல்ற்று, யப்பானில் 100 வோல்ற்று என்று நாட்டுக்கு நாடு மின்வழங்கலும் மாறுகிறது. கண்ணாடி வால்வுகள் லொறியிலே குலுங்கி உடையும். போய்ச் சேர்ந்த இடத்தில் வாடகைக்கு எடுத்த பெருக்கி, பெயரால் ஒன்றாயினும் குணத்தால் வேறாயிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று ஒன்று முன்னரே கிடைத்திருந்ததே என்று கேட்கலாம். 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. வானொலிப் பெட்டியிலிருந்து அது வால்வை வெளியேற்றியது யாவரும் அறிந்ததே. கிற்றார் உலகிலும் 1960 களில் அது நுழைய முயன்றது, தோற்றது. தெளிவான ஒலிக்குத் திரான்சிற்றர் மிக நன்று. 1975 இல் யப்பானிய றோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் கோறஸ் பெருக்கி அதற்குச் சான்று. ஆனால் எல்லை மீறும்போது எளிய திரான்சிற்றர்ச் சுற்று அலையின் உச்சியை மழுக்குவதில்லை. கத்தியால் வெட்டுவது போல வெட்டிவிடுகிறது. பிறக்கும் ஒலி தகரத்தைச் சுரண்டுவது போன்றது. சிறந்த பொறி என்று பொறியியல் தீர்ப்பளித்ததை இசைஞர் செவி நிராகரித்தது. எனவே உலகம் முழுவதும் வால்வைக் கைவிட்ட பின்னரும் கிற்றார்க் கலைஞர் அதனை விடவில்லை. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990 களில் அவர்களுடைய தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றியவை ரஷ்யா, சீனா, சிலோவாக்கியா ஆகிய நாடுகளில் எஞ்சிய ஒரு சில ஆலைகளே.

அவ்வேளையிற்றான் எண்கள் வந்தன. பொஸ்ரன் குழுவைச் சேர்ந்தவரும் பொறியியல் கற்றவருமான ரொம் ஷோல்ஸ் 1982 இல் வெளியிட்ட றொக்மன், காதணியிற் கேட்கும் கைப்பெட்டி. 1989 இல் வந்த சான்ஸ்அம்ப் மிதிபெட்டியும் மின்சுற்றினாலேயே பெருக்கியின் குரலைப் போலி செய்தது. இவை முன்னோடிகள். 1996 இல் கலிபோர்னியாவின் லைன் சிக்ஸ் நிறுவனம், பல பெருக்கிகளின் குரலைக் கணிப்பினாற் காட்டும் ஆக்ஸிஸ் என்னும் பெருக்கியை வெளியிட்டது. 1998 இல் அதே நிறுவனத்தின் பொட் வந்தது. அவரை விதை போன்ற வடிவம், சிவப்பு நிறம், மேசையில் வைக்கும் அளவு. பெயருக்குரிய நிறுவனங்களோடு வழக்கு நேராதிருக்க, உள்ளிருந்த பெருக்கிகளுக்குக் குறிப்பாலுணர்த்தும் பெயர்களே இடப்பட்டன. ஆங்கிலேயப் பெருக்கி என்றால் யாருடையது என்று வாங்குபவனுக்கா தெரியாது!

அதனுள் நடப்பது யாது? கிற்றாரிலிருந்து வரும் மின்னலையை ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 48,000 தடவை அளந்து ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது கருவி. வால்வும் மின்தேக்கியும் மின்மாற்றியும் அந்த எண்ணை என்ன செய்திருக்கும் என்று கணித்து, விடையை மீண்டும் மின்னலையாக்கி வெளிவிடுகிறது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வேறு வழி உண்டு. குறுகிய ஒலித்துடிப்பொன்றை அதனூடே செலுத்தி அது விடுக்கும் மறுமொழியைப் பதிந்து வைத்தால், பின்னர் எந்த இசையையும் அப்பெட்டியினூடே சென்றதாகக் கணிக்கலாம். எல்லாவற்றையும் ஒரு சில மில்லிசெக்கன்களில் முடித்தாக வேண்டும். தாமதம் அஞ்சத்தக்கதோ எனின், ஒலி காற்றிலே ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் தூரமே செல்கிறது. மூன்று மில்லிசெக்கன் தாமதம் என்பது பெருக்கியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமானம்.

முதற் கருவிகள் குறையுடையனவே. திரிபு பிறப்பிக்கும் மேற்சுரங்கள் அளவீட்டு வேகத்தின் பாதியைக் கடக்கும்போது, எண்முறையில் அவை மடிந்து கீழே வந்து, இசைக்கு உறவற்ற அபசுரங்களாக ஒலிக்கும். அதைத் தடுக்கப் பன்மடங்கு வேகத்தில் அளந்து கணிக்க வேண்டும். 1998 இன் மலிவான கணிப்பான்களுக்கு அத்தனை வலு இல்லை. மெல்லத் தட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் இடையே வால்வு காட்டும் நூறு படிகளும் அவற்றிற் சில படிகளாகச் சுருங்கின. வல்ல கலைஞர்கள் அவற்றை வீட்டுக்கும் ஒத்திகைக்கும் உரியவை என்று ஒதுக்கியது நியாயமே.

2006 இல் அமெரிக்கப் பிறக்ரல் ஓடியோ நிறுவனம் வெளியிட்ட ஆக்ஸ் எப்.எக்ஸ். இந்த நிலையை மாற்றத் தொடங்கிற்று. பெருக்கியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கணிப்பிற் கொண்டுவர முயன்ற கருவி அது. 2011 இல் ஜெர்மனியின் கிறிஸ்தோப் கெம்பர் எதிர்வழி சென்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேளாமல், உண்மையான பெருக்கிக்குள் விசித்திரமான பரிசோதனை ஒலிகளைச் செலுத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, அதன் குரலைச் சில நிமிடங்களிற் படியெடுக்கும் கருவியை அவர் செய்தார். அப்படி ஒளிப்படம் போன்றது: எடுத்த நிலையில் அது துல்லியம், ஆனால் மூலப் பெருக்கியின் குமிழைத் திருப்பினால் என்ன நேரும் என்பதை அது அறியாது. பின்பு செயற்கை நரம்பு வலைகளுக்கு உதாரணங்களைக் காட்டிப் பெருக்கியின் இயல்பைக் கற்பிக்கும் முறை வந்தது. பின்லாந்தின் நியூரல் நிறுவனத்தின் கருவி 2021 இலும், இத்தாலிய நிறுவனமொன்றின் ரோன்எக்ஸ் 2022 இலும் சந்தைக்கு வந்தன. எவரும் இலவசமாகப் பெற்றுக் கணினியில் இயக்கக்கூடிய திறந்த நிரலும் இன்று உண்டு.

மாற்றம் மேடையிலே எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு 2013 டிசெம்பர் 8 ஆம் திகதி அந்தாட்டிக்காவில் நடந்த நிகழ்ச்சி நல்ல சான்று. மெற்றாலிக்கா குழுவினர் ஆர்ஜென்ரீனாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் ஒரு சிறு கூடாரத்தினுள் வாசித்தனர். அச்சூழலிற் பேரோசைக்கு இடமில்லை. எனவே ஒலிபெருக்கிகள் வைக்கப்படாமல், கேட்போர் ஒவ்வொருவர்க்கும் காதணிகள் வழங்கப்பட்டன. பெருக்கிகளைச் சுவர் போல அடுக்கிப் பெயர் பெற்ற குழுவுக்கு மொடலர் துணை நின்றது. இடத்தின் கட்டாயத்தால் வந்தது வசதியால் நிலைத்தது. பின்னர் உலகச் சுற்றுப் பயணங்களிலும் அவர்கள் அவ்வகைக் கருவியையே கைக்கொண்டனர். ஒவ்வோர் ஊரிலும் ஒலிவாங்கியைக் கூம்பின் முன் அங்குலக் கணக்கில் நகர்த்தி நகர்த்திக் குரலைத் தேட வேண்டியதில்லை. நேற்றிரவு கேட்டதே இன்றிரவும் கேட்கிறது. பாட்டின் நடுவே ஒரு மிதியை அழுத்தினால் மென்குரல் போய் வன்குரல் வருகிறது. பாடகருடைய ஒலிவாங்கிக்குள் கிற்றாரின் முழக்கம் புகுவதில்லை.

வால்வின் விலையும் தன் பங்குக்கு உந்தியது. 2022 மார்ச்சில் ரஷ்யா விதித்த ஏற்றுமதித் தடையால், சாரத்தோவ் நகரின் தொழிற்சாலையிலிருந்து வந்த வால்வுகள் நின்றன. ஏற்றுமதி விரைவில் மீண்டதாயினும் விலை மீளவில்லை. தேய்ந்த வால்வை மாற்ற எண்ணியிருந்தவர் பலர் அப்போது பெட்டியையே மாற்றுவது பற்றி எண்ணினர்.

இழப்பு ஒன்றுமில்லை என்று கூறுதல் பொய்யாகும். பெருக்கியின் முன்னே நிற்கும் கலைஞனின் கம்பிகளைப் பெருக்கி அசைக்கும் காற்றே மீண்டும் அதிரச் செய்கிறது. சுரம் அடங்காமல் நீண்டு ஊளையிட்டு வேறொன்றாக மாறுகிறது. ஜிமி ஹென்றிக்ஸ் இந்தச் சுழற்சியையே இசையாக்கினார். காதணியிற் கேட்டு வாசிப்பவனுக்கு அந்தக் காற்று இல்லை. பழுதுபார்த்தல் மற்றொன்று. பெண்டர் பெருக்கியினுள்ளே எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் ஒட்டப்பட்டிருக்கும். 1959 இல் செய்த பெட்டியை இன்றும் ஈயப்பற்றுக்கோலும் பொறுமையும் உள்ள ஒருவர் திருத்திவிடலாம். 1996 இல் வந்த மொடலரின் கணிப்பான் இறந்தால் அதற்கு மாற்றுறுப்புக் கிடைப்பது அரிது. நீடித்து வாழ்வது எது என்ற கேள்விக்குப் புதியது இன்னும் விடையளிக்கவில்லை.

ஆனால் பழையதை அழித்துப் புதியது வந்தது என்பதும் சரியன்று. எந்த மொடலரைத் திறந்தாலும் முதலில் வரும் பெயர்கள் பாஸ்மன், ருவின், ஏ.சி. 30, மார்ஷல் ஆகியவற்றின் மறைபெயர்களே. கிழிந்த கூம்பின் கரகரப்பையும் தளர்ந்த மின்வழங்கலின் ஒடுக்கத்தையும், பிறந்த காலத்துப் பொறியியலாளர் குற்றமென்று நீக்க முயன்ற யாவற்றையும், இன்றைய கணிப்பாளர் தசமதானம் பிசகாமற் பாதுகாக்கிறார்கள். 2019 இல் பெண்டர் நிறுவனமே தன் ருவின் பெருக்கியை எண்முறையில் வெளியிட்டது. முகத்துத் துணியும் குமிழ்களும் சிவந்த விளக்கும் முன்போலவே. உள்ளே வால்வு ஒன்றும் இல்லை. நிறை ஏறத்தாழப் பாதி. மூலப் பெருக்கிகளை வைத்திருப்போரும் அவற்றை விற்றுவிடவில்லை. பதிவுக் கூடத்திலே ஒருமுறை சூடேற்றி, நல்ல ஒலிவாங்கியின் முன் வைத்துப் படியெடுத்துக் கொள்கின்றனர். படி பயணம் போகிறது. பெருக்கி வீட்டிலே துணி போர்த்து வைக்கப்படுகிறது.